ஹாலில் கேட்கும் ‘அப்புறம்?’

நவம்பர் 8, சனி

காலையிலிருந்து தூறல். ஈரத்துணி எல்லாம் படுக்கையறையில். ஹாலில் கொடி கட்டக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. கல்லூரியில் அறை கிடைக்காததால் அம்மாவின் பி.எச்டி. பேட்டிகள் இப்போது எங்கள் ஹாலில். என் வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரைப் பற்றி என்னென்ன நினைவுகள், அதற்கும் அவர்கள் சுபாவத்துக்கும் என்ன தொடர்பு. இதுதான் ஆராய்ச்சி.

இன்று வந்தது என் வகுப்பு ஹம்சினி (இனி ஹ.). நான் உள்ளே, கதவு சாத்தி, இயற்பியல். ஹ. பேசுவது காதில் விழவில்லை. அம்மாவின் குரல் மட்டும் நடுநடுவே: “ம்... அப்புறம்?” பிறகு அமைதி. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறாள்.

எனக்குக் கிடைப்பது: “சீக்கிரம் சொல்லு, குக்கர் விசில் வந்துடும்.”

பால் வாங்கப் போனேன். வாசலில் ஹ.வின் அம்மா, குடையோடு. “உள்ள என்னம்மா பேசுறா? என்கிட்ட வாயே தொறக்க மாட்டா.” தெரியாது ஆன்ட்டி என்றேன். எனக்கும் அதே கவலைதான் என்று சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்

வெயில். இயற்பியல் தேர்வு பரவாயில்லை. மதியம் எலுமிச்சை சாதம்.

ஹ.: “உங்கம்மா செம டி. யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் சொல்லிட்டேன். நீ லக்கி.”

லக்கி. அவள் பையில் எங்கள் வீட்டுப் பொருள் ஏதோ இருப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

என்னையும் பேட்டி எடு என்று கேட்டேன். சொந்தப் பெண்ணைச் சேர்க்கக் கூடாதாம். அம்மாவுக்குப் பிடித்த மாதிரியே பதில் சொல்வேனாம்.

பிறகு போனில், புதிதாகச் சேர்ந்த ஜூனியருக்குப் பாடம்: “அவங்க ஞாபகம் சரியா தப்பான்னு நாம பாக்கக் கூடாது. திருத்தவே கூடாது. கேட்டுட்டு சும்மா இரு.”

எவ்வளவு நல்ல விதி. மறுபடி போய் நச்சரித்தேன். கடைசியில் சம்மதம். புதுக் கேள்விகளை ஒத்திகை பார்க்க ஆள் வேண்டுமாம். கணக்கில் சேராது. சேராவிட்டால் என்ன. சனிக்கிழமை நான்.

நவம்பர் 15, சனி

கனமழை. ஹாலுக்குப் போக நல்ல சுடிதார் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஹ. உட்கார்ந்த அதே நாற்காலி.

அம்மாவோடு மறக்க முடியாத ஒரு நாள் எது என்பது கேள்வி. தயாராகத்தான் இருந்தேன். சிட்லபாக்கம் ஏரி நிரம்பித் தெருவுக்குத் தண்ணீர் வந்த வருஷம். நான் யு.கே.ஜி. அம்மா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், மாடி வீட்டுக்கு. பச்சைச் சுடிதார். என் ஒரு செருப்பு மிதந்து போனது.

அம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கு நான் இங்க இல்லடா, கயல். சிங்கப்பெருமாள் கோவில்கிட்ட ட்ரெயின்ல மாட்டிக்கிட்டேன். உன்னத் தூக்கினது மாடி வீட்டு மேரி ஆன்ட்டி.”

“ஹம்சினி சொல்லியிருந்தா திருத்தியிருப்பியா?”

எழுந்து வந்துவிட்டேன்.

என்னிடம் இருந்ததே அந்த ஒரு நாள். அதுவும் மேரி ஆன்ட்டியுடையதாம்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. துணி மொட்டைமாடியில். படியில் மேரி ஆன்ட்டி, சர்ச்சுக்குக் கிளம்பி. என் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். எப்போதும் நின்று பேசும் அம்மா இன்று வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். அந்த முகம் எனக்குத் தெரியும். ஒரு வாரமாகக் கண்ணாடியில் பார்க்கும் முகம்.

மதியம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். குக்கரில் விசில் வரும் முன்பே அம்மா அடுப்பை அணைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள். கையில் பேனா இல்லை, தாள் இல்லை.

“பச்சை சுடிதாரா போட்டிருந்தேன்?”

“ஆமா.”

“உன் செருப்பு மிதந்து போச்சு.”

“ஆமா. ஒண்ணு மட்டும்.”

காத்திருந்தாள். நானும் சும்மா இருந்தேன், எவ்வளவு நேரம் இருப்பாள் என்று பார்க்க. எழுந்திருக்கவே இல்லை.

“அப்புறம்?” என்றாள்.