அணைக்க மறந்த மைக்

என்னங்க,

உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று கை பரபரக்கிறது. ரயில் நிலைய அறிவிப்பறையின் பொறுப்பாளராக இன்று எனக்கு முதல் நாள்.

என் கீழ் வேலை செய்யும் அறிவிப்பாளர்கள் வருமுன்னே போய், அவர்களிடம் பேச வேண்டியதைத் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு வயித்தக் கலக்குது. ஆனா தெரியாதத தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். தப்பு நடந்தா வந்து சொல்லுங்க, யாரையும் நாலு பேர் முன்னாடி திட்ட மாட்டேன்." திரும்பத் திரும்பச் சொன்னேன். மைக்கை அணைக்கவே இல்லை. எல்லா பிளாட்பாரத்திலும் கேட்டிருக்கிறது.

வெளியே வந்தால் டீக்கடைக்காரர், "இப்ப வயிறு பரவால்லையாம்மா?" என்கிறார். மானம் கப்பலேறிவிட்டது. ஆனால் இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்றானதும் அந்தப் படபடப்பே ஒரு குஷியாகிவிட்டது.

மத்தியானம் அறிவிப்பாளர்களில் மூத்தவர், யாருக்கும் பிடிகொடுக்காத மனிதர், அவராகவே என் மேசைக்கு வந்தார். "பிளாட்பாரத்த மாத்திச் சொல்லிட்டேன். காலைல நீங்க பேசுனதக் கேட்டேன், அதான் நேரா வந்துட்டேன்." உடனே திருத்தி அறிவித்தோம். ஒருவரும் ரயிலைத் தவறவிடவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"உனக்கெதுக்கு இந்த வேலை" என்று கேட்டுவிட்டு, அன்று நீங்கள் திரும்பிப் பார்க்காமல் ரயிலேறியதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதை நானே அறிவிப்பேன். என் குரல் நடுங்கும். மைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள்
அறிவிப்பறைப் பொறுப்பாளர்