கமர்கட்டு வெறுத்த பிறகும்

என் அன்பு நைனாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன ஞாயிறு உனக்காகச் சர்ச்சில் பூசை வைத்தோம். அம்மா அழவில்லை, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவதிலேயே இருந்தாள். உன்னோடு கண்டெய்னர் லாரி ஓட்டிய காசிம் மாமாவும் வந்திருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து வாயில் போட்டார். டாக்டர் அவரைப் பீடியை விடச் சொல்லிவிட்டாராம். நீ விட்ட வழியிலேயே விடலாம் என்று பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்து அதைத் தாளில் துப்பினார்.

"இத்தப் போயி உங்க நைனா எப்டிம்மா தின்னுகினு இருந்தான்? எனக்கு இப்பவே கொமட்டுது."

"நைனாவுக்கு ரொம்பப் புடிக்கும் மாமா."

அவர் சிரித்தார். "புட்ச்சுதா? மொத வருசமே வெறுத்துப் பூட்டான்மா. வெல்ல வாசனை வந்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவான். 'தூக்கிப் போட்டுட்டு ஒரு பீடி இழுடா'ன்னு நானே நீட்டிக்கீறேன். 'வூட்ல கொயந்தைக்கு மூச்சு இழுக்குது பாய்'னு சொல்லிட்டு இன்னொன்னு வாய்ல போட்டுக்குவான்."

நீ அதை வெறுத்தது எனக்குத் தெரியாது நைனா. இரண்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்குப் படுத்தால் மூச்சு இழுக்கும். நீ வீட்டுக்கு வெளியேதான் பீடி குடிப்பாய். ஆனாலும் உன் சட்டையில் முகம் வைத்தால் இருமல் வரும். ஒருநாள் அந்த வாசனை நின்றுபோய், வெல்லமும் தேங்காயும் மணந்தது. சின்ன வயதில் ராயபுரத்தில் பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற ஆசை உனக்கு இன்னும் விடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

துறைமுக வாசலில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். மற்றவர்கள் புகைவிட்டுப் பொழுதைக் கழிப்பார்கள். ஒரு விடுமுறையில் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது ஒரு டிரைவர் உன்னைச் சீண்டினார்.

"இன்னா மாமு, வாய்ல மிட்டாய்? பால்வாடிக்கா போற?"

"ஆமாண்டா. டீச்சரு சோறு எட்த்துகினு வந்துக்கீது பாரு" என்று என்னைக் காட்டினாய். நான் வெட்கத்தில் லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நம் வீட்டில் முதல் ஆளாக டிகிரி முடித்து, வேலைக்கும் சேர்ந்து, முதல் சம்பளத்தில் உனக்கு என்ன வாங்கி வந்தேன்? ஒரு ஜாடி நிறையக் கமர்கட்டு. மனதில் இருப்பதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஜாடியை உன் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். நீ ஒன்றை எடுத்து ஆசையாகச் சப்பி, "சூப்பரா கீதும்மா" என்றாய். அம்மா அப்போது ஏன் சமையலறைக்குள் ஓடினாள் என்று ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டேன்.

"சிரிப்ப அடக்க முடியாமத்தான். 'கொயந்த ஆசையா வாங்கியாந்துக்கீது, கம்முனு கெட'ன்னு கண்ணக் காட்டிட்டாரு."

பிடித்ததைத் தின்ன யாராலும் முடியும். வெறுத்துப்போன பிறகும் அதையே தினமும் வாயில் போட்டுக்கொள்ள உன்னால் எப்படி முடிந்தது? என் முன்னால் ஒருநாள்கூட முகம் சுளிக்காமல்?

காசிம் மாமா கிளம்பும்போது அவர் பையில் பீடிக்கட்டு எட்டிப் பார்த்தது. நான் கவனித்ததை அவரும் கவனித்துவிட்டார்.

"உங்க நைனாக்கு நீ இருந்த. எனக்கு யாரு கீறா? யாருக்கோசரம் வுடுறது?"

மாமி போன பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். நான் யாரிடமும் எதையும் கேட்காதவள் என்று உனக்குத் தெரியும். அன்று கேட்டுவிட்டேன்.

"எனக்கோசரம் வுடுங்க மாமா."

அவர் பீடிக்கட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

இனி வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன் நைனா. பீடி வாசனை வந்தால் கேட்பேன். அவர் கோபித்துக்கொண்டால் அடுத்த வாரமும் போவேன்.

உன்னால் நன்றாக மூச்சு விடுகிற,
உன் மகள் ஜெனி