மடிக்கணினியில் அம்புக்குறி தானே ஓடுவதும், அறுந்த எர்த் கம்பியும்

அனுப்புநர்:
மு. கோபால்சாமி (வயது 57),
கதவு எண் 2/31, நெல்லிமரத்துக்கொல்லை,
ஜவ்வாது மலை.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின்சாரப் பிரிவு அலுவலகம்,
ஜவ்வாது மலை.

பொருள்: மின்கம்பத்தில் அறுந்த எர்த் கம்பியைச் சேர்த்துத் தரவும், அதனாலேயே என் மடிக்கணினி தாறுமாறாக நடந்தது என்று எழுத்தில் கடிதம் தரவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மடிக்கணினிக் கோளாறை மின்சார அலுவலகத்துக்கு எழுதுகிறானே, இவனுக்கு என்ன பைத்தியமா என்று தாங்கள் நினைக்கலாம். முழுக்கப் படித்துவிட்டு நினைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. கல் உடைக்கும் வேலையில் வெடிச் சத்தத்தால் எனக்கு இரண்டு காதும் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறேன். மனைவி சுந்தரம்மாள் சென்ற தை மாதம் காலமானாள். ஒரே மகள் பூவிழி புனேயில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கைபேசியில் அவள் உதடு சாமை அரிசி அளவுதான் தெரியும் என்பதால், தன் தொடுதிரை மடிக்கணினியை எனக்கு விட்டுப் போனாள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அதில் முகம் பார்த்துப் பேசுவோம். வாரம் முழுக்க என்னிடம் பேசும் ஆள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

2. ஐப்பசி மழைக்குப் பிறகு, நான் தொடாமலே திரையில் அம்புக்குறி கட்டவிழ்த்த ஆட்டுக்குட்டியாக ஓடுகிறது. ஓடிப் போய், அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுகிறது. இதுவரை ஏழு முறை எங்கள் பேச்சு பாதியில் நின்றது. நான் வேண்டுமென்றே துண்டிப்பதாக மகள் நினைக்கிறாள். அது தானாக நடக்கிறது என்று எழுதி அனுப்பினேன். "சாக்கு சொல்லாதப்பா. எங்கூட பேசப் புடிக்கலன்னா நேரா சொல்லிடு" என்று பதில் வந்தது. மூன்று ஞாயிறாக அழைப்பே இல்லை. ஐந்து மணிக்குத் திரை முன் உட்கார்ந்து, ஏழு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறேன்.

3. சும்மா இருந்துவிடவில்லை ஐயா. திரையைத் துடைத்தேன். அணைத்து அணைத்துப் போட்டேன். ஆலங்காயத்தில் கடை வைத்திருக்கும் சிவசங்கரிடம் மூன்று முறை பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் தொடுதிரையை நிறுத்திப் பார்த்தார், சார்ஜரை மாற்றினார். அவர் கடையில் அம்புக்குறி சமர்த்தாக நிற்கிறது! "நல்லாத்தாங்க கீது, நீங்கதான் எங்கனா கைய வெச்சிருப்பீங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து சார்ஜரைச் செருகினால் மறுபடி அதே ஆட்டம். பிடுங்கினால் நின்றுவிடுகிறது, ஆனால் பேட்டரி ஒன்பது நிமிடம்கூடத் தாங்காது.

4. ஒருநாள் மடிக்கணினியின் மூடியில் புறங்கை பட்டுச் சுருக்கென்றது. ஒயர்மேன் பழனியை அழைத்துக் காட்டினேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தவர், "இன்னாங்க இது, உங்க வூட்டுக்கு எர்த்தே வரல" என்றார். எதிரே உள்ள கம்பத்தடியில் மழைக்கு மண் சரிந்து எர்த் கம்பி அறுந்து தொங்குகிறது. எர்த் இல்லாவிட்டால், சார்ஜர் வழியே கசியும் மின்சாரத்தை விரல் தொட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளுமாம். மண் சரிந்ததற்கு யாரையும் குறை சொல்ல வரவில்லை. கம்பத்தில் கை வைக்கத் தங்கள் ஆட்களுக்கே உரிமை என்பதால் எழுதுகிறேன்.

எனவே கம்பியைச் சேர்த்துத் தர வேண்டும். கூடவே, அம்புக்குறி ஓடியது மின்சாரத்தால்தான், கோபால்சாமியால் அல்ல என்று முத்திரையிட்டு ஒரு கடிதமும் தர வேண்டும். என் வார்த்தையை நம்பாத மகள் அலுவலக முத்திரையை நம்புவாள்.

அதில் ஆறு முறை என்று மட்டும் எழுதவும். முதல் முறை துண்டித்தது நான்தான். அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று அன்று பூவிழி கேட்டாள். உயிர் பிரியும் முன் சுந்தரம்மாள் சுவர்ப்பக்கம் முகம் திருப்பி ஏதோ சொன்னாள். எனக்கு அவள் உதடு தெரியவில்லை. அதை மகளிடம் சொல்ல வாய் வராமல் பொத்தானை அழுத்திவிட்டேன். அந்தப் பழி மின்சாரத்துக்கு வேண்டாம். அதை நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு அவள் இன்னும் ஒரு முறை அழைக்க வேண்டும் ஐயா.

இடம்: நெல்லிமரத்துக்கொல்லை
நாள்: 22.12.2025

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
மு. கோபால்சாமி
(ஒப்பம்)