இரண்டு பச்சை நூல்கண்டுகள்

என் தையல் மிஷின் மேல் இரண்டு பச்சை நூல்கண்டுகள் இருக்கின்றன. இரண்டும் நீலம் என்று நினைத்து வாங்கியவை. ஒன்று மருமகள் வாங்கியது, இன்னொன்று நான். காலையிலிருந்து அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். நீ இருந்திருந்தால் வில்லாபுரத்தில் உன் வீட்டுக்கு பஸ் ஏறி வந்து சொல்லிச் சிரித்திருப்பேன். இப்போது எழுதித்தான் சிரிக்க வேண்டியிருக்கிறது.

எண்பதுகளில் நம் மில்லில் தர வட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். நூலைக் காகிதக் கோன்களில் சுற்றும் பிரிவில் நாம் ஏழெட்டுப் பேர், சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் உட்கார்ந்து, வேலையில் வரும் குறைகளைப் பேசித் தீர்க்க வேண்டும். பயிற்சிக்கு உன்னைத்தான் அனுப்பினார்கள். நான் டீக்கும் வடைக்கும்தான் வந்தேன் என்பது உனக்குத் தெரியும். பயிற்சியிலிருந்து நீ கொண்டுவந்தது ஒரே ஒரு விதி: "யாருன்னு கேக்கக் கூடாது. எதனாலன்னுதான் கேக்கணும்." எங்களுக்கு அது லேசில் வரவில்லை. வாயைத் திறந்தால் அடுத்தவள் பெயர்தான் வரும். உடனே நீ சாக்பீஸால் மேசையைத் தட்டுவாய்.

பிறகு அந்தப் புகார் வந்தது. ஒரே பெட்டியில் இரண்டு ரக நூல் கலந்து போயிருந்தது. ரகம் தெரிவதற்காகக் காகிதக் கோனின் நுனியில் நிறம் பூசியிருக்கும்; ஒன்றுக்கு நீலம், மற்றதற்குப் பச்சை. நான்தான் நிறம் மாற்றி எடுத்துச் சுற்றியிருக்கிறேன். அது நம் வட்டத்துக்கு மட்டும் தெரியும். அப்போது நான் பதிலி ஆள், வேலை நிரந்தரம் ஆகவில்லை. வீட்டில் அவர் படுத்த படுக்கையாக இருந்தார். வேலை போனால் அடுப்பு எரியாது.

"ஒரு பேரைச் சொல்லுங்கம்மா, மேல சொல்லி முடிச்சிர்றேன்" என்றார் சூப்பர்வைசர். பொல்லாதவர் இல்லை, அவருக்கும் மேலே நெருக்கடி.

நீதான் சொன்னாய்: "பேரச் சொன்னா அவ போயிருவா சார். தப்பு இங்கனயேதான கெடக்கும்? சாயங்காலம் எல்லா மிஷின்லயும் ஆளாளுக்கு நின்னு பாக்குறோம்."

பொழுது சாய்ந்ததும் என் மிஷினில் முதலில் நீயே நின்றாய். மேலே மஞ்சள் பல்பு. கூடைக்குள் கைவிட்டு, நீலம் என்று ஒரு கோனை எடுத்தாய். பக்கத்து வரிசை டியூப் லைட்டுக்குக் கொண்டுபோனால் பச்சை.

"ஏத்தா, எனக்கே கண்ணு அவிஞ்சு போச்சே" என்றாய்.

அடுத்து நின்றவளும் தப்பாகவே எடுத்தாள். அதற்குமேல் யாரும் பெயர் கேட்கவில்லை. பல்பு மாறியது. நிறத்துக்கு ஒரு கூடை வந்தது. எனக்கு வேலை நிலைத்தது. நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்ததை நீ பார்த்தாய். என் டீயை ஆறாமல் மூடி வைத்திருந்தாய். அந்த டீக்கு நான் உனக்கு நன்றிகூடச் சொன்னதில்லை.

முந்தாநாள் மருமகள் நீல ரவிக்கைக்குப் பச்சை நூலோடு வந்து நின்றாள். கண்ணு எங்க இருந்துச்சு என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் நீ மேசையைத் தட்டிவிட்டாய். நேற்றுப் பொழுது சாயும் நேரம் சிம்மக்கல்லில் அவள் வாங்கிய அதே கடைக்குப் போய், அவள் நின்ற இடத்தில் நின்று, நன்றாகப் பார்த்து நீலம் வாங்கி வந்தேன்.

காலையில் அதை அவள் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். என்னிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கினாள். "அத்தை, இதுவும்..." என்று இழுத்தாள்.

"உன் கண்ணுல ஒண்ணும் இல்லத்தா" என்றேன். "அந்தக் கடையில மஞ்ச பல்பு."