மன்னாரில் நீ கற்றுக்கொடுத்த ஜெர்மன்

இன்று காலை நான் வேலை செய்யும் வைத்திய நிலையத்தில் உன் பேச்சு கேட்டது. வரவேற்பு மேசையின் முன்னால் புதிதாக வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி நின்றாள். வைத்தியரைப் பார்க்க இந்த வாரம் டெர்மின், நேரம் எதுவும் இல்லை என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, "கிரீகன் வியர் ஷோன் ஹின்" என்றாள். சமாளித்துவிடுவோம் என்பதை, இங்கே பீலெஃபெல்டில் வளர்ந்த பையன்களைப் போல, கடைசிச் சொல்லை விழுங்கி, அப்படியே உன்னைப் போலச் சொன்னாள்.

"ஆர் உங்களுக்கு ஜெர்மன் படிப்பிச்சது?" என்று தமிழில் கேட்டேன்.

"மன்னாரில ஒரு சேர். சின்ன வயசிலயிருந்து இங்க இருந்தவராம். குளிர் ஒத்துக்கொள்ளேல்லை எண்டு தானா விட்டிட்டு வந்தவர். பாவம், போன மாரிக்க டெங்குக் காய்ச்சலில செத்துப்போனார்." அவள் கண் கலங்கியது. "நல்ல மனுசன்" என்றாள்.

நான் வேறு ஒருவருடைய நேரத்தை மாற்றி அவளுக்கு இடம் கொடுத்தேன். நீ என் தம்பி என்று சொல்லவில்லை. குளிர் என்று நீ சொல்லியிருந்தால் அது குளிராகவே இருக்கட்டும்.

நீ களவெடுத்தாய். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. முதலில் ரயில் நிலையத்தடியில் நின்ற சைக்கிள்கள், பிறகு இரண்டு நண்பர்களோடு சேர்ந்து உடைத்த கைத்தொலைபேசிக் கடை. பதினாறு வயதில் முதல் வழக்கு வந்ததால் உன் குடியுரிமை விண்ணப்பம் நின்றுபோனது. அதே வீட்டில் வளர்ந்த எனக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்தது. இரண்டு வயதில் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி இந்த நாட்டுக்கு வந்த நீ, கடைசிவரை இலங்கையனாகவே இருந்தாய்.

விசாரணைக் காலத்தில் உன்னைப் பார்க்கச் சிறைக்கு வந்தது நினைவிருக்கிறது. பக்கத்தில் காவலர் இருந்தார். அவருக்குப் புரியும் மொழியில்தான் கதைக்க வேண்டும் என்பது விதி. அம்மாவுக்கு அவ்வளவு ஜெர்மன் வராது. உன் விரல்களைப் பிடித்தபடி, தெரிந்த சொற்களைத் தேடித்தேடி, "சாப்பாடு நல்லது?" என்று ஜெர்மனில் கேட்டா. நீ "நல்லது மாமா" என்றாய். மாமா என்றால் ஜெர்மனில் அம்மா. காவலர் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு தாயின் பிள்ளைதானே.

தண்டனை முடியும்போது வீட்டுக்கு வருவாய் என்று அம்மா உன் கட்டிலுக்குப் புதிய விரிப்பு வாங்கினா. நீ கொழும்பிலிருந்து யாரோ ஒருவரின் தொலைபேசியில் அழைத்தாய். நாடு கடத்தவென்று சிறையிலிருந்து நேரே விமானத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "இங்க எல்லாரும் என்ன கதைக்கினம் எண்டே விளங்கேல்லை" என்று ஜெர்மனில் அழுதாய். அது சிங்களம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மன்னாரிலிருந்து சித்தப்பா வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் வருடம் நீ வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. உன் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்றாய். பிறகு பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கட்டிய கணவன் ஜெர்மனியில், டோர்ட்முண்டில், மொழிச் சோதனையில் பாஸானால்தான் விசா. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய், பாஸானாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள்.

இரண்டாம் வருடம் அம்மாவும் நானும் வந்து உன் வகுப்பின் பின்வரிசையில் இருந்தோம். கோயிலடி மண்டபம், மின்விசிறிச் சத்தம், பிளாஸ்டிக் கதிரைகள். நீ கடைக்காரனாக நடித்தாய், அவர்கள் ஜெர்மனில் கேட்டுப் பாண் வாங்கினார்கள். ஒருத்தி கேட்டாள்: "சேர், ஜெர்மனியில ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழா பாத்தனீங்களா?"

"நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். எண்டாலும் போனனான். சாமியை விடத் தோசைக் கடையிலதான் கனநேரம் நிண்டனான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் கடற்கரையில் கேட்டேன்: "உன்னால போகேலாத இடத்துக்கு இவையை அனுப்புறாய். கோவம் வரேல்லையா?"

"களவெடுத்தது நான். இவை இல்லையே" என்றாய். "ஆனா ஒண்டு. அந்தக் களவை நான் பழகினது இங்க இல்லை. பழகின ஊரில வச்சிருந்து தண்டிச்சிருக்கலாம்."

 

நீ ஜெர்மனிக்குத் திரும்பி வருவதற்குப் போட்ட தடை முடிய இன்னும் ஒரு குளிர்காலம்தான் மிச்சமிருந்தது. வந்ததும் சமையற்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்வேன் என்றாய். அந்த மாரி மழையில் ஊரெல்லாம் டெங்கு நுளம்பு. சாதாரணக் காய்ச்சல் என்று குளிசை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறாய். ஆசுப்பத்திரிக்குப் போனபோது உடம்பு கைவிட்டுவிட்டது. நாங்கள் வந்து சேரும்வரை சித்தப்பா உன் உடலை வைத்திருந்தார். சவக்காலையில், உன்னிடம் படித்த பெண்கள் குடை பிடித்து நின்றார்கள். அம்மா உன் பெட்டிக்கு மேல் குனிந்து நிறையக் கதைத்தா. பக்கத்தில் காவலர் இல்லை, எந்த விதியும் இல்லை. எல்லாம் தமிழில்.

இங்கே இருந்தவரை நீ என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாய், ஜெர்மன் பிள்ளைகளைப் போல. மன்னார்தான் உனக்கு "அக்கா" என்ற சொல்லைப் பழக்கியது. முதல்முறை தொலைபேசியில் அப்படி அழைத்தபோது வேறு யாரோ என்று நினைத்து, "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பு!

தேவாலயத்தில், தமிழ்க் கடையில், பேருந்தில் எத்தனையோ இளம் பிள்ளைகள் என்னை அக்கா என்கிறார்கள். நீ இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறேன்.