அறை விவரம், கடைசி 2

ஆகஸ்ட் 28, வியாழன்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. திங்கட்கிழமை புது வீட்டுக்கு அஸ்திவாரக் கோடு போடுகிறார்கள். அதற்குள் கூகுள் டிரைவில் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்குபடுத்த வேண்டும். 'அறை விவரம்', 'அறை விவரம் கடைசி', 'அறை விவரம் கடைசி 2'. எல்லாம் நானும் ஓசூரில் வேலை பார்க்கும் அவரும் மாற்றி மாற்றி எழுதியவை. இன்ஜினியர் எதைப் பார்த்து வரைகிறாரோ.

'கடைசி 2'-இல் புதிதாக ஒரு வரி: "பின்னாடி ரூமுக்கு தனியா வெளிய போக ஒரு கதவு வேணுங்க." அது அத்தையின் அறை. நான் எழுதவில்லை. அழித்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி
அந்த வரி திரும்ப வந்திருக்கிறது! வெர்ஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருப்பது இன்றுதான் தெரிந்தது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று நிறம் போட்டுக் காட்டுகிறது. சாப்பாட்டை மறந்து பார்த்தேன். அவர் பெயர். ஓசூருக்கு போன்.

"நான் ஷிஃப்ட்ல இருந்தேன். போனே லாக்கர்ல."

"உங்க பேருதாங்க காட்டுது."

"ஃபைலுக்குப் போயி எவனாவது 'வேணுங்க'ன்னு எழுதுவானா?"

நியாயம்தான். அது எழுதியது இல்லை, பேசியது. அவருடைய பழைய போன், அவர் கணக்கோடேயே, அத்தையிடம் இருக்கிறது, சீரியல் பார்க்க. அதில் மைக் பொத்தானை அழுத்திப் பேசினால் எழுத்தாகிவிடும்.

ஆகஸ்ட் 30, சனி
அத்தை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டேன்.

"ஏங்கத்த, கதவு போடச் சொன்னது நீங்களா?"

"ஆமா. நீதான் அழிச்சியா?"

"எங்களோட இருக்கப் புடிக்கலீங்களா?"

"அய்ய, அதில்ல கண்ணு. கட்டிக்கிட்டு வந்ததுலருந்து, வூட்ட வுட்டு எறங்குனா கூடத்துல நாலு பேரு, எங்க போறன்னு. இப்ப யாரும் கேக்கறதில்ல. இருந்தாலும் எனக்குன்னு ஒரு கதவு."

"நேர்ல சொல்லியிருக்கலாமேங்கத்த?"

"நீங்க ரெண்டு பேரும் அதுலதான பேசிக்கிறீங்க."



ஆகஸ்ட் 31, ஞாயிறு
அவர் வந்தார். "பின்பக்கம் கதவு வெச்சா திருடன் வருவாம்மா."

"வரட்டும். உள்ள நானில்ல இருக்கேன்."

அவருக்கே சிரிப்பு. மூன்று பேரும் உட்கார்ந்து ஒரே ஃபைல் ஆக்கினோம். பெயர்: 'அறை விவரம், மூணு பேரும் பார்த்தது'. மற்றவை 'பழசு' ஃபோல்டருக்கு. இன்ஜினியருக்கு அனுப்பியாயிற்று. மாலையே புது பிளான் வந்துவிட்டது.

செப்டம்பர் 1, திங்கள்
நல்ல வெயில். மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டார், பின்னறையில் கதவுக்கு இடம் விட்டு. அத்தை கோட்டை மிதிக்காமல் அந்த இடைவெளி வழியாக வெளியே போனார். கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி உள்ளே வந்து மேஸ்திரியிடம்:

"கதவுக்குத் தாப்பாளு உள்பக்கந்தானுங்களே?"