பதினேழாவது பலகாரம்

மார்ச் 5

பெருநாள் சிறப்பிதழை என் தலையில் கட்டிவிட்டார்கள். ‘பல நாட்டுப் பெருநாள் விருந்து’ என்று தலைப்பு. வாசகர்கள் அனுப்பும் குறிப்புகளில் பதினெட்டைத் தேர்ந்தெடுத்து, ஆபீஸ் சமையலறையில் செய்துபார்த்து, படம் எடுத்து, இருபதாம் தேதிக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டுமாம். “நீங்கதானே நோன்பு பிடிக்கிறவங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்” என்றார் ஆசிரியர். நோன்பு பிடிக்கிறவளைப் பகல் முழுக்க அடுப்பு முன்னால் நிறுத்த அவருக்குத்தான் தோன்றும்.

மார்ச் 7

செய்துபார்க்கிற வேலைக்கு ஒரு அம்மா வருகிறார். டீக்கடை மாஸ்டர் மாதிரி கையை ஓங்கி ஊற்றுவதால் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. நான் ருசி பார்க்க முடியாது, அவருக்கு நோன்பு இல்லை. ஆகவே அவர் தின்கிறார், சொல்கிறார், நான் எழுதுகிறேன்.

இன்று மூன்று. பேரீச்சம்பழம் பொதிந்த மாவுருண்டை, கோதுமையும் கறியும் குழையக் குழையக் கிண்டியது, இலைப் பொட்டலத்தில் அவித்த சோற்றுக்கட்டி. மூன்றும் மூன்று கரையிலிருந்து வந்தவை. கோதுமைக் கறியை மூன்று கரண்டி தின்றுவிட்டு, “இதை வார்த்தையில சொல்ல முடியாதுங்க, சாயங்காலம் வரைக்கும் பொறுங்க” என்றார். வயிற்றெரிச்சல்.

மார்ச் 10

பதினேழாவது குறிப்பு வந்தது. ரவை அடை. ரவை, முட்டை, பால், சர்க்கரை, நெய். கனமான சட்டியில் ஊற்றி, மூடிமேல் தணல் வைத்து வேகவிட வேண்டும். அனுப்பியவள் பெயர் அந்நியப் பெயர், முகவரி கடல் தாண்டி. ஆனால் எழுத்து தமிழ், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போலக் குண்டு குண்டாக.

கடைசி வரியை மாஸ்டர் சத்தமாக வாசித்தார். “‘வேகும்போது மூன்று முறை சட்டியைக் கால் வட்டம் இடப்பக்கம் திருப்பவும்.’ இது எதுக்குங்க? நாலு பக்கமும் ஒரே தணல்தானே?”

எதற்கென்று இந்த உலகத்தில் நாலே பேருக்குத்தான் தெரியும். எங்கள் பழைய வீட்டுச் சமையலறையில், தண்ணீர் ஓடட்டும் என்று எங்களைப் பெற்ற அத்தா தரையைச் சரிவாகப் போட்டுவிட்டார். அடுப்பு சாய்ந்தே நிற்கும். திருப்பாவிட்டால் அடை ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் கருகும். வேறு எந்த வீட்டிலும் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை.

அத்தா இல்லை. அம்மா வீட்டில் இருக்கிறார். நான் இங்கே இருக்கிறேன்.

அக்கா. அக்காதானே?

மார்ச் 11

தூக்கம் இல்லை. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தபோது அம்மா, “என்னடி மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?” என்றார். பேய்தான்மா.

மார்ச் 12

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

அக்கா வேறு பாஷைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. அவரும் தொழுகிறவர்தான், அவர் வீட்டிலும் பெருநாள் உண்டுதான். ஆனால் அத்தாவுக்கு அது பெரிய விஷயம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் என்னுடையது. அவள் போன அடுத்த வாரமே, என்னைப் பேசி முடித்திருந்த வீட்டார் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த வருடப் பெருநாளுக்கு அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. தபால்காரரிடம் வாங்கியவள் நான். ‘அத்தா, உன்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி போடுங்கள், ஓடி வந்துவிடுகிறேன்.’ அதை அடுப்பில் போட்டேன்.

அதோடு விட்டேனா? அத்தாவுக்குக் கண் மங்கல். அவர் வைத்திருந்த கடையின் கடிதமெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன், கடைசியில் கையெழுத்து மட்டும் அவர் போடுவார். அன்று அதையும் நானே போட்டேன். ‘இந்த வீட்டில் உனக்கு இனி யாரும் இல்லை. கடிதம் போடாதே. நான் மௌத்தானாலும் முகம் பார்க்க வராதே.’

மூன்று வருடம் கழித்து அத்தா மௌத்தானார். கடைசிவரை, “எழுதுவா. பிடிவாதக்காரி, கொஞ்ச நாள் ஆகும்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா இன்றைக்கும் சொல்கிறார்: “கல் நெஞ்சுக்காரி, ஒரு வரி போட்டாளா?” இருபத்துநாலு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குகிறேன். நான் என்ன மனுஷி?

மார்ச் 13

இன்று மாஸ்டர் ரவை அடை செய்தார். நெய் வாசம் எழும்பியதும் என்னால் நிற்க முடியவில்லை, மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வாசம் அங்கேயும் வந்தது. யாரோ பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பயம்.

நோன்பு திறந்ததும் ஒரு துண்டு வாயில் வைத்தேன். அதேதான். அழுதுவிட்டேன். “நல்லா இல்லையாங்க?” என்று மாஸ்டர் பதறிப்போனார். காரம் என்றேன். இனிப்புப் பலகாரத்தில் காரம்! அவர் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மார்ச் 14

குறிப்புத் தாளில் ஃபோன் நம்பர் இருக்கிறது. கடைசி இலக்கம் வரைக்கும் வந்தேன், அதை மட்டும் அழுத்தவில்லை. கோழை.

பிறகு பத்திரிகைத் தாளில், சிறப்பிதழ் பொறுப்பாளர் என்று கீழே போட்டு, ‘தங்களுக்கு இந்தப் பலகாரத்தைக் கற்றுத்தந்தவர் யார் என்று தெரிவிக்கவும்’ என்று எழுதி, விரைவுத் தபாலில் அனுப்பினேன். அக்காவுக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம். இதிலும் நான் நானாக இல்லை.

அவள் வந்தால் அம்மாவிடம் முதலில் சொல்லப்போவது அந்தக் கடிதத்தைப் பற்றித்தான். பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன இடம்? ஆனாலும் வரட்டும். உயிரோடு இருந்தால் போதும், வந்து என் கன்னத்தில் நாலு அறை அறையட்டும்.

மார்ச் 20

பக்கங்கள் அச்சுக்குப் போயின. பதினேழையும் சேர்த்துத்தான். ‘அந்தத் திருப்புற வரியை எடுத்துடலாமே’ என்றார் ஆசிரியர். எடுக்க விடவில்லை.

மார்ச் 25

பொட்டலம் வந்தது. அக்காவிடமிருந்து அல்ல, அக்காவின் மகளிடமிருந்து. இருபத்திரண்டு வயதாம். அவள் எழுதியதை இங்கே எடுத்து எழுதுகிறேன்.

‘சின்னம்மா, நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னு பார்க்கத்தான் அனுப்பினேன். அம்மா உங்க பத்திரிகையை விடாம வாங்குவாங்க. உங்க பேரைக் காட்டி, இவதான் என் தங்கச்சின்னு எல்லார்கிட்டயும் சொல்வாங்க. எங்க வீட்டுப் பெருநாளுக்கு எங்க அப்பா பக்கத்துப் பலகாரம் பத்து இருக்கும், நடுவுல அம்மாவோட அடை ஒண்ணு இருக்கும். போன மழைக்காலத்துல அம்மா மௌத்தாயிட்டாங்க. நெஞ்சுவலி. அரைமணி நேரம்தான்.

‘நீங்களாவது எழுதுங்கன்னு அம்மாகிட்ட நான் எத்தனையோ தடவை சொன்னேன். அத்தா எழுதாதேன்னு சொல்லிட்டார், அவர் பேச்சை ஒரு தடவை மீறினது போதும்னு சொல்லிடுவாங்க. தாத்தா போட்ட அந்த ஒரு கடிதத்தைப் பத்திரமா வச்சிருந்தாங்க. பெருநாள் காலையில எடுத்துப் பார்ப்பாங்க. திட்டித்தான் எழுதியிருக்கார், ஆனா அத்தா கையெழுத்தாச்சேன்னு அதை மட்டும் விரலால தடவுவாங்க. இது உங்க வீட்டுச் சொத்து. பாட்டிகிட்ட கொடுத்துடுங்க.’

கூடவே அந்தத் தாள். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டியிருந்தது. கையெழுத்து இருந்த இடத்தில் மை தேய்ந்து பாதிதான் தெரிந்தது.

நான் போட்ட கையெழுத்து. அதைத் தடவியிருக்கிறாள். யா அல்லாஹ்!

மார்ச் 26

சொல்லாமல் இருந்துவிடலாம். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கேட்பதற்கு அக்காவும் இல்லை. ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.

மார்ச் 27

பொட்டலத்தை அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். அந்த அறைக்குள் போகவே முடியவில்லை.

மார்ச் 29

சொல்லிவிட்டேன்.

சாயங்காலத்து அஸர் தொழுகை முடிந்து அம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். முதலில் அக்கா மௌத்தாகிவிட்டாள் என்று சொன்னேன். அம்மா கத்தவில்லை. தஸ்பீஹ் மணியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். “எப்போ?” என்றார். சொன்னேன். பிறகு மீதியையும் சொன்னேன், அடுப்பில் போட்டது, எழுதியது, கையெழுத்துப் போட்டது எல்லாம். தலையைக் குனிந்துகொண்டேதான் சொன்னேன்.

“அந்தக் கடுதாசியைக் கொண்டா.”

கொண்டுவந்தேன்.

“வாசி.”

“வேணாம்மா...”

“அவ வாசிச்சாள்ல? வாசி.”

வாசித்தேன். மூன்றாவது வரியில் நிறுத்தினேன். “நிறுத்தாதே, முழுசா வாசி” என்றார். முடித்ததும் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இருபத்துநாலு வருசமா அவளைத் திட்டிக்கிட்டு இருந்தேனே. என் வாயை ஏண்டி அடைக்கல நீ?”

ஒருமுறை அவர் காலைத் தொட்டேன், இழுத்துக்கொண்டார். வெளியே மாலைத் தொழுகைக்கான பாங்கு கேட்டது. அம்மா தண்ணீர் குடித்து நோன்பு திறந்தார். நான் திறந்தேனா என்று கேட்கவில்லை.

மார்ச் 31

பெருநாள்.

சிறப்பிதழைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் பாராட்டினார்கள். மாஸ்டர் வந்தார், அந்தப் பதினெட்டில் நாலைந்தைச் செய்து தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார். “இன்னிக்கு நீங்க தின்னுங்க, நான் எழுதுறேன்” என்றார். அம்மா அவருக்கும் வந்தவர்களுக்கும் தன் கையால் பரிமாறினார். என் முறை வந்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “நீயே போட்டுக்கோ” என்று உள்ளே போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினார். முந்தாநாள் பொட்டலத்திலிருந்து அக்கா மகளின் கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், அதிலிருந்த நம்பரைப் போடச் சொல்லியிருக்கிறார். நேற்றும் பேசியிருக்கிறார். எனக்குச் சொல்லவே இல்லை.

“பிள்ளைகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு.”

வாங்கிக் காதில் வைத்தேன். “சின்னம்மாவா?” என்றது. அக்கா குரல். அப்படியே அக்கா குரல், அந்த இழுவையோடு.

சொன்னேன். அம்மாவிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவளுக்குச் சில வார்த்தைகள் புரியவில்லை, திரும்பக் கேட்டாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நானே எழுதினேன். கையெழுத்தையும் நான்தான் போட்டேன்.



“அப்போ தாத்தா எங்கம்மாவுக்கு ஒரு தடவைகூட எழுதலையா?”

“இல்லம்மா. உங்கம்மா எழுதுவான்னு காத்துக்கிட்டு இருந்தார்.”

அழ ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஃபோனை வைக்க எனக்கு உரிமை இல்லை. அவளும் வைக்கவில்லை.